ஆற்று வெள்ளமும் கடலேற்றமும் ஒரே இரவில் வந்தால்?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பல, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வழுக்கையாறு, தொண்டைமானாறு, உப்பாறு ஆகியவை கடலோடு சேரும் இடங்களில் உள்ள மண்கட்டுகளையும் தடுப்பணைகளையும் பற்றியவை. மழை வெள்ளத்தை வெளியே விடவும் வேண்டும், கடலை உள்ளே விடாமலும் இருக்கவேண்டும் என்ற இரட்டை வேலை அவற்றுக்கு. ஆகவே அந்தக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். 'கடலேற்றம்' என்று இங்கே சொல்வது தனி அலையை அல்ல. புயல்காற்றும் தாழமுக்கமும் சேர்ந்து கடல் மட்டத்தையே உயர்த்திக் கரைக்குள் தள்ளுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

அராலியிலிருந்து ஒரு கமக்காரர்: வழுக்கையாறு கடலில் விழும் இடத்துக்கு அருகே எங்கள் வயல்கள் இருக்கின்றன. பெரும்புயல் வந்தால் கடலும் ஆறும் சேர்ந்து கட்டுக்கு மேலால் வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. இருக்கிற கட்டை மூன்று அடி உயர்த்தினால் போதாதா ஐயா?

பதில்: உயர்த்துவதற்கு முன்னால், இரண்டு தண்ணீரும் கட்டை எப்படித் தாக்குகின்றன என்று பாருங்கள். ஆற்று வெள்ளம் மெல்ல ஏறி நாட்கணக்கில் நிற்கும். நின்று நின்று கட்டுக்குள் ஊறும், மண்ணின் பிடிமானம் குறையும், அடிவாரத்தில் கசிவு தொடங்கும். கடலேற்றமோ சில மணித்தியாலங்களில் ஏறி இறங்கிவிடும். ஊறுவதற்கு அதற்கு நேரமில்லை. ஆனால் அலை அடிக்கும், கட்டுக்கு மேலால் தெறித்து விழுந்து பின்சரிவை வழித்துக்கொண்டு போகும். ஐந்து நாள் மழையில் ஊறிக் கனத்துப்போன கட்டின் மேல் புயலலை அடிப்பதுதான் இருப்பதற்குள் மோசமான நிலை.

அது அபூர்வமாக வரும் என்று எண்ணவேண்டாம். ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளமும் ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் கடலேற்றமும் சேர்ந்து வர 2,500 வருடம் ஆகும் என்று பெருக்கிப் பார்த்து ஆறுதல் அடைவது பெரிய பிழை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிகழ்வுகளுக்கே அந்தப் பெருக்கல் பொருந்தும். கார்த்திகை, மார்கழியில் மழையைக் கொண்டுவரும் தாழமுக்கம்தான் வலுத்துப் புயலாகிறது. இரண்டுக்கும் தாய் ஒன்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2008 நிஷா, 2020 புரேவி, 2024 ஃபெங்கல் ஆகிய புயல்கள் குடாநாட்டுக்குத் தந்தது பெரும்பாலும் மழை வெள்ளம். அவற்றை நினைவில் வைத்துக்கொண்டு கட்டின் உயரத்தைத் தீர்மானித்தால் கடலேற்றம் கணக்கில் வராமலே போகும். 1964 மார்கழி 22, 23 இல் தனுஷ்கோடியை அழித்துத் தலைமன்னாரையும் தாக்கிய புயலில் கொன்றது கடல். பாக்குநீரிணை ஆழமற்றது என்பதே அதற்கு முக்கிய காரணம்.

ஆழமின்மை ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு கணக்கு. 20 கிலோமீற்றர் நீளமும் 2 மீற்றர் ஆழமும் உள்ள களப்பின் மேல் மணிக்கு 90 கிலோமீற்றர் வேகக் காற்று விடாமல் அடித்தால், காற்று தொடங்கும் கரைக்கும் முடியும் கரைக்கும் இடையே நீர்மட்டம் சுமார் 1.5 முதல் 2 மீற்றர் வரை வேறுபடும். அதே களப்பு 10 மீற்றர் ஆழமாக இருந்தால் வேறுபாடு 30, 40 சென்ரிமீற்றர்தான். காற்றின் வேகம் இரட்டித்தால் ஏற்றம் நான்கு மடங்காகும். எங்கள் களப்புகளின் ஆழம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மீற்றர்தான் என்பதை மறக்கவேண்டாம்.

அராலிக்கு ஆபத்தான காற்று தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருவது. அதுதான் யாழ்ப்பாணக் களப்பின் நீரை வடகரையில் கொண்டுவந்து குவிக்கும். புயலின் மையம் குடாநாட்டுக்குத் தெற்கே, முல்லைத்தீவு மன்னார்ப் பக்கமாக மேற்கே கடக்கும்போது, முதலில் வடகிழக்கிலிருந்து அடிக்கும் காற்று கிழக்காகி, பிறகு தென்கிழக்காகத் திரும்பும். மழை ஓய்கிறது, புயல் போய்விட்டது என்று ஊர் மூச்சுவிடும் நேரத்தில்தான் அராலிப் பக்கம் கடல் ஏறும்.

இனி உயரத்துக்கு வருவோம். அமுக்கம் 1 மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் உயரும். 1010 இலிருந்து 980 ஆனால் 30 சென்ரிமீற்றர். அதன்மேல் காற்று குவிக்கும் நீர், அந்த நேரத்துப் பெருக்கு, ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மட்டம், அலை சரிவில் ஏறும் உயரம் எல்லாவற்றையும் கூட்டவேண்டும். கட்டு தானாக அமிழ்வதற்குக் கட்டு உயரத்தில் 5 முதல் 10 வீதம் விடவேண்டும், சதுப்பின் மேல் என்றால் இன்னும் கூட. கடைசியாக, எதிர்பாராததற்கென்று அரை மீற்றராவது மேலதிக உயரம், அதாவது கைக்காவல். இதில் அலையேற்றத்தைக் குறைக்க மலிவான வழி சரிவைத் தட்டையாக்குவது. 1 க்கு 2 (ஓரடி ஏற ஈரடி விலகும்) என்ற சரிவில் ஏறும் அலை 1 க்கு 4 என்ற சரிவில் ஏறக்குறைய அதன் பாதி உயரம்தான் ஏறும்.

மூன்று அடி என்பது வாயால் சொல்லச் சின்ன விடயம். மேல் அகலம் 3 மீற்றர், இருபக்கமும் 1 க்கு 3 சரிவு, உயரம் 2 மீற்றர் என்று ஒரு கட்டு இருந்தால் அதன் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் 18 கன மீற்றர் மண் இருக்கும். உயரம் 3 மீற்றரானால் அது 36. அதாவது மண் இரட்டிக்கிறது, அடியும் 6 மீற்றர் அகலிக்கிறது. ஒரு கிலோமீற்றருக்கு 18,000 கன மீற்றர் இறுக்கிய மண் வேண்டும். இளக்கமாக ஏற்றும்போது கால்பங்கு கூடும் என்று வைத்தால் ஏறக்குறைய 7,950 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), 3 கியூப் ரிப்பரில் 2,650 லோட். இந்த மண்ணும் அடி அகலத்துக்கான காணியும் இல்லாமல் உச்சியில் மட்டும் மண்ணைக் குவித்தால், சரிவு செங்குத்தாகி முதல் மாரியிலேயே வழுகும்.

ஆகவே எங்கள் பரிந்துரை, அளவாக உயர்த்தி, மீறி வரும் நீர் கட்டை உடைக்காமல் வழிய இடம் கொடுப்பது. நல்ல களிமண்ணின் மேல் அடர்த்தியாகப் புல் பிடித்த பின்சரிவு, ஒரு மீற்றர் நீளத்துக்குச் செக்கனுக்குச் சுமார் 10 லீற்றர் வரை வழிவதைத் தாங்கும். புல் இல்லாத மணற்கட்டு அதில் பத்திலொன்றைக்கூடத் தாங்காது. கட்டின் ஓர் இடத்தைத் தெரிந்தெடுத்து 30 சென்ரிமீற்றர் தாழ்த்தி, கொங்கிறீற்றோ கல்லடுக்கோ பதித்து, குளத்தில் மிகைநீர் வழியும் வான் போல அமைத்துவிட்டால், நீர் எங்கே வழியும் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். குளக்கட்டுக்கு வான் வைக்காத கமக்காரர் இல்லை. கடற்கட்டுக்கும் அதே நியாயம்தான்.

தொண்டைமானாற்றிலிருந்து ஒரு வாசகி: தடுப்பணைக் கதவுகளைப் பூட்டினால் மழை வெள்ளம் உள்ளே நிரம்புகிறது, திறந்தால் கடல் வருகிறது. புயல் நேரத்தில் எது சரி?

பதில்: கதவின் பொறிமுறையைவிட, பூட்டிய நேரத்தில் மழைநீர் எங்கே நிற்கும் என்பதுதான் முதற் கணக்கு. உதாரணத்துக்கு 30 சதுர கிலோமீற்றர் நீரேந்துபரப்பில் 12 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை என்று வைத்துக்கொள்வோம். பாதி மண்ணில் ஊறினாலும் 22 இலட்சத்து 50 ஆயிரம் கன மீற்றர் நீர் வந்து சேரும். பூட்டிய அணைக்குப் பின்னால் 3 சதுர கிலோமீற்றர் நீர்ப்பரப்பு இருந்தால் மட்டம் 75 சென்ரிமீற்றர் ஏறும். அந்தக் களப்பை வயலுக்கும் வீட்டுக்கும் என்று நிரப்பிச் சுருக்கியிருந்தால், பரப்பு 1.5 ஆகி ஏற்றம் 1.5 மீற்றராகும். அணை உடையாமலே ஊர் தாழும்.

ஆகவே புயல் எச்சரிக்கை வந்தவுடன், கடல் இன்னும் தாழ்வாக இருக்கும்போதே, வற்று நேரங்களில் கதவைத் திறந்து களப்பை 40 சென்ரிமீற்றராவது இறக்கி வைக்கவேண்டும். இதற்கு ஒன்றரை, இரண்டு நாள் முன்னேற்பாடு தேவை. நன்னீரை வீணாக்குவதாக விவசாயிகள் மறுப்பது நியாயம்தான். ஆனால் கார்த்திகையில் இறக்கிய நீர் அதே மழையில் திரும்பி வரும்.

ஆபத்தான காற்று இடத்துக்கு இடம் வேறுபடும். தொண்டைமானாற்று முகம் வடக்கே பார்க்கிறது. அங்கே ஆபத்து வடக்கு, வடகிழக்குக் காற்று, அதாவது புயல் நெருங்கும்போது. அராலியிலும் உப்பாறு சேரும் அரியாலைப் பக்கத்திலும் ஆபத்து பின்னால் வரும் தென்காற்று. எல்லாக் கதவுகளுக்கும் ஒரே கட்டளை, ஒரே நேரம் என்று போட்டால் ஏதாவது ஒரு முகத்தில் பிழைக்கும். கதவு திறக்கும் முடிவை மணிக்கூட்டைப் பார்த்து எடுக்காமல், இருபக்கமும் நட்ட அளவுகோல்களைப் பார்த்து எடுக்கவேண்டும். உள்மட்டம் வெளிமட்டத்தைவிட 10 சென்ரிமீற்றர் கூடினால் திற, சமமானால் பூட்டு.

திறந்தால் எவ்வளவு போகும்? 1.5 மீற்றர் அகலமும் 1 மீற்றர் உயரமும் உள்ள முழுகிய கதவு ஒன்றில், 20 சென்ரிமீற்றர் மட்ட வேறுபாட்டில் செக்கனுக்கு ஏறக்குறைய 1.8 கன மீற்றர் போகும். மேலே சொன்ன வெள்ளத்தை ஒரு நாளில் வெளியேற்ற 15 கதவுகள் வேண்டும். நான்கு கதவு வைத்துவிட்டுக் கதவு திறப்பவரைக் குறை சொல்வது அநியாயம்.

கதவில் பிழைக்கும் இடங்கள் இவை. றப்பர்ப் பட்டி ஒரு பக்க அழுத்தத்துக்கு மட்டும் போடப்பட்டிருந்தால், மறுபக்கம் நீர் ஏறும்போது பட்டி விலகி உப்புநீர் உள்ளே பீறும். இருமுகப் பட்டியும், கதவு இறங்கும் தவாளிப்பின் இருபுறமும் தாங்கும் உருளைகளும் வேண்டும். பலகைக் கதவில் பலகை மிதந்து எழும்பாமலிருக்க மேலிருந்து ஆப்பு வேண்டும். தானே மூடும் மடக்குக் கதவு இரவில் ஆள் தேவையில்லாதது, நல்லது. ஆனால் ஒரு தென்னோலையோ பிளாஸ்ரிக் போத்தலோ சிக்கினால் திறந்தபடியே நிற்கும். ஆகவே முன்னால் குப்பை வலை போடவேண்டும், வலையை மழைக்கு முன்னும் மழையின்போதும் வாரவேண்டும். அடித்தளக் கல்லடுக்கு ஆற்றுப் பக்கம் எவ்வளவோ கடற்பக்கமும் அவ்வளவு வேண்டும், ஏனெனில் நீர் இருதிசையும் பாயும். 25, 30 சென்ரிமீற்றர்க் கற்கள், கீழே வடிதுணி அல்லது சரளைப் படை. படையில்லாமல் கல்லை நேரே மணலில் அடுக்கினால் மணல் கல்லிடுக்கால் உறிஞ்சப்பட்டுக் கல் புதைந்துபோகும்.

கொங்கிறீற்றில் கம்பிக்கு மேல் குறைந்தது 75 மில்லிமீற்றர் மூடுபடை கேளுங்கள். கடற்கரை மணலைக் கழுவாமல் குழைத்த கொங்கிறீற்றில் உப்பு முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கும். சில வருடத்தில் கம்பி துருப்பிடித்து வீங்கி, தூண் வெடிக்கும்.

நாவற்குழியிலிருந்து ஒரு வாசகர்: கட்டுக்கு எந்த மண்? செம்மண் நிறையக் கிடைக்கிறது. களப்பிலிருந்து பெக்கோவால் அள்ளினால் செலவில்லை என்கிறார்கள்.

பதில்: குடாநாட்டுச் செம்மண் தோட்டத்துக்குத் தங்கம். நீரை வேகமாக இறக்கிவிடும் அதே குணம் கட்டின் நடுப்பகுதிக்கு ஆகாது. பின்சரிவுக்கும் மேற்படைக்கும் களியோடு கலந்து பயன்படுத்தலாம். கட்டின் உடலுக்குக் களி வேண்டும். பிசைந்து உள்ளங்கைக்கும் பலகைக்கும் நடுவே உருட்டுங்கள். 3 மில்லிமீற்றர்த் தடிப்பில் உடையாத திரியாக வந்தால் களித்தன்மை உண்டு. மணல் மூன்றிலொரு பங்கைத் தாண்டக்கூடாது. வேர், சாணம், கறுத்த உக்கல் கலந்த மண்ணைத் தள்ளுங்கள்.

களப்புக் களியில் ஒரு மறைந்த ஆபத்து உண்டு. அதில் சோடியம் கூடியிருந்தால், உப்புநீரில் கெட்டியாக நிற்கும் களி மழைநீர் பட்டவுடன் பால்போலக் கரைந்து போகும். இப்படிப்பட்ட மண்ணால் கட்டிய கட்டில் சிறு வெடிப்பு வழியே மழைநீர் நுழைந்து, உள்ளே குகை தோண்டி, வெளியே எதுவும் தெரியாமல் ஒருநாள் இடிந்து விழும். வீட்டிலேயே சோதிக்கலாம். மண்ணை இலேசாக உலர்த்தி, 1 சென்ரிமீற்றர்க் கட்டியாக்கி, கண்ணாடிக் குவளை நீரில் மெல்ல இடுங்கள். கிளறக்கூடாது. பத்து நிமிடத்திலும் ஒரு மணித்தியாலத்திலும் பாருங்கள். கட்டி உதிர்ந்து குவிந்தால் பரவாயில்லை. அதைச் சுற்றி நீர் கலங்கி மேகம்போலப் பரவினால் அந்த மண் வேண்டாம். இதற்கு மழைநீரையோ வடித்த நீரையோதான் பயன்படுத்தவேண்டும். எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பும் உப்பும் உள்ளதால் கெட்ட மண்ணும் அதில் நல்ல பிள்ளையாகத் தெரியும். வேறு மண்ணே கிடைக்காவிட்டால் 2 முதல் 4 வீதம் நீற்றிய சுண்ணாம்பு கலந்து, மீண்டும் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

மண்ணைவிட அதை இடும் முறைதான் கட்டின் ஆயுள். பழைய கட்டின் புல்லையும் மேல்மண்ணையும் 20, 30 சென்ரிமீற்றர் சீவி எடுக்கவேண்டும். சரிவில் அரை மீற்றர்ப் படிகள் வெட்டவேண்டும். படி வெட்டாமல் சாய்வின் மேல் புது மண்ணைக் கொட்டினால் பழையதும் புதியதும் சேரும் கோடே வழுகுதளம். 20 சென்ரிமீற்றர் இளக்கமான படை, ஆட்டுக்கால் றோலர் ஆறு, எட்டு ஓட்டம், பிறகு அடுத்த படை. பிடித்துப் பார்த்தால் உருண்டை நிற்கவேண்டும், கையில் நீர் ஒட்டக்கூடாது. காய்ந்த களி எத்தனை ஓட்டம் விட்டாலும் கட்டிகளுக்கு இடையே வெற்றிடம் வைத்திருக்கும். பெக்கோ வாளியால் தட்டுவதும் ரிப்பர் ஏறி இறங்குவதும் இறுக்கம் ஆகாது. ஐப்பசி மழை தொடங்கியபின் மண்வேலை செய்யவே வேண்டாம். ஆனி முதல் ஆவணிக்குள் முடித்துப் புல் பதித்து நீர் ஊற்றினால் மாரிக்குள் வேர் பிடிக்கும்.

மண்ணைக் கட்டின் அடியிலேயே தோண்டி எடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் கொலைத்தொழில். அந்தக் கிடங்கு கசிவுப் பாதையைக் குறுக்கி, சரிவின் காலையும் வெட்டிவிடுகிறது. குறைந்தது 30 மீற்றர் தள்ளியே தோண்டவேண்டும்.

கோப்பாயிலிருந்து: உவர்நீரைத் தடுக்கும் உவர்க்கட்டின் மேல் பனங்கொட்டை போடலாமா? பூவரசு?

பதில்: வேண்டாம். மரம் பட்டால் வேர் உக்கி, அந்த இடம் குழாயாகும். உயிரோடு நின்றால் புயலில் சாயும்போது வேரோடு கட்டின் ஒரு துண்டையும் பெயர்க்கும். நிழலில் புல்லும் பிடிக்காது. கட்டின் அடியிலிருந்து 5 மீற்றருக்கு அப்பால் வையுங்கள். கண்டல் மரங்களைக் கட்டுக்கு முன்னால், களப்புப் பக்கம் வளர விடுங்கள். 100 மீற்றர் அகலக் கண்டல் அலை உயரத்தை 13 முதல் 66 வீதம் வரை குறைப்பதாக அளவீடுகள் காட்டுகின்றன. ஆனால் கடலேற்றத்தை அது அவ்வளவாகத் தடுக்காது. ஒரு கிலோமீற்றர் அகலக் கண்டலுக்கும் 5 முதல் 50 சென்ரிமீற்றர்தான் குறையும். கண்டல் இருக்கிறதே என்று கட்டின் உயரத்தைக் குறைக்கக்கூடாது, கல்லடுக்கின் கனத்தைக் குறைக்கலாம்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகர் (சொந்த ஊர் உரும்பிராய்): நியூ ஓர்லியன்சில் அவ்வளவு காசு கொட்டிக் கட்டிய மதில்கள் ஏன் உடைந்தன? அதில் எங்களுக்கு என்ன பாடம்?

பதில்: 2005 ஓகஸ்ட் 29 கத்ரினா புயலில் அங்கே 50 க்கும் மேற்பட்ட இடங்களில் கட்டுகளும் மதில்களும் உடைந்தன. உடைந்த விதம் ஒன்றல்ல. 17 ஆம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூக் கால்வாயிலும் நீர் மதிலின் உச்சியைத் தொடவே இல்லை. மண்ணில் செருகிய தகட்டின் மேல் நிறுத்திய மெல்லிய மதில் நீரழுத்தத்தில் சற்றே சாய்ந்தது. மதிலுக்கும் நீர்ப்பக்க மண்ணுக்கும் இடையே பிளவு விழுந்தது. அந்தப் பிளவில் நீர் இறங்கி மதிலை முழு ஆழத்துக்கும் தள்ள, கீழே இருந்த மென்களியும் மணலும் இடம்பெயர்ந்தன. கைத்தொழில் கால்வாயில் வேறு கதை: மேலால் வழிந்த நீர் மதிலின் பின்னால் விழுந்து அடிமண்ணைக் கிண்ணமாகத் தோண்டியது. கிழக்கே, மணல் கூடிய தூர்மண்ணால் கட்டிய கரைகள் அலையில் கரைந்தே போயின.

பின்னர் தலைகீழ் 'T' வடிவ மதில்களை, நிலத்தில் ஆழமாக அறைந்த சாய்வான முளைகளின் மேல் நிறுத்தினார்கள். மதிலின் பின்னால் வழிந்த நீர் விழும் இடத்தில் கொங்கிறீற்றுத் தளம் போட்டார்கள். ஊருக்குள் நீண்டு வரும் கால்வாய்க் கரைகளை உயர்த்துவதைவிடக் கால்வாய் வாயிலேயே கதவும் பம்பியும் வைத்தார்கள். போர்ன் ஏரிப் பக்கம் ஏறக்குறைய 3 கிலோமீற்றர் நீளக் கடலேற்றத் தடுப்பு எழுந்தது. காக்கவேண்டிய கோட்டின் நீளத்தைக் குறைப்பதே இதன் தத்துவம். முகத்துவாரத்தில் ஒரு நல்ல தடுப்பணை, உள்ளே பல கிலோமீற்றர்க் கட்டைவிடச் சிறந்தது என்ற எங்கள் பழைய யோசனையும் அதுவே.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 2019 யூலை. மிசிசிப்பி ஆறு மாதக்கணக்கில் உயர்ந்தே நின்ற நேரத்தில் பரி என்ற புயல் நெருங்கியது. ஆற்று நீர் 16 அடி மட்டத்தில் இருக்க, கடலேற்றம் ஆற்றுவழியே ஏறி அதை 20 அடியாக்கும் என்று முன்னறிவிப்பு வந்தது. ஆற்றின் வெள்ளக் காலம் வேறு, புயற்காலம் வேறு என்ற நம்பிக்கை அன்று ஆட்டங்கண்டது. புயல் எதிர்பார்த்த அளவுக்குத் தாக்காததால் தப்பினார்கள். 2012 ஐசக் புயலிலும் அந்த மாபெரும் ஆறு பின்னோக்கி ஓடியது. அங்கே இரண்டு காலங்களும் சந்திப்பது எப்போதாவதுதான். எங்களுக்கு அது ஒரே காலம்.

வறட்சியும் ஒரு எதிரி என்பதை நெதர்லாந்தின் வில்னிஸ் காட்டியது. 2003 கோடையில் அங்கே மக்கிய தாவர மண்ணாலான கரை காய்ந்து எடை குறைந்து, வெள்ளமே இல்லாத நாளில் கால்வாய் நீரால் தள்ளப்பட்டது. மாசி முதல் ஆவணி வரை காயும் எங்கள் களிக்கட்டுகளின் வெடிப்புகளை மழைக்கு முன் கிளறி, ஈரமாக்கி, இடித்து நிரப்பவேண்டும். மேலால் மண் தூவி மறைப்பது வேலை ஆகாது.

ஊர்காவற்றுறையிலிருந்து: கட்டினால் கிணற்று உவர் நிற்குமா?

பதில்: மேலால் வரும் கடலை நிறுத்தும். அடியால் வருவதை நிறுத்தாது. நிலத்தடி சுண்ணாம்புக்கல், குகையும் வெடிப்புமானது. அடியில் வெட்டுத்தாழி தோண்டிக் களி நிரப்புவதும் சீமெந்துப் பால் செலுத்துவதும் கட்டின் பாதுகாப்புக்கு அவசியம்தான், ஆனால் தீவு முழுவதையும் அடைக்கமுடியாது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றருக்கு உவர் தள்ளி நிற்கும். கட்டின் பின்னால் மழைநீரைத் தேக்கி அந்த உயரத்தைக் காப்பதும், பம்பியால் அளவாக இறைப்பதுமே கிணற்றைக் காக்கும்.

கிளாலியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் ஊர்க் கட்டுக்குக் குறுக்கே வயல் வடிகாலுக்குக் குழாய் போடப்போகிறோம். புயல் இரவில் கட்டைக் காவல் காக்க இளைஞர் குழுவும் இருக்கிறது. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: குழாய்தான் கட்டின் பலவீனமான இடம். உருண்டைக் குழாயின் அடிவயிற்றில் மண்ணை இறுக்க முடியாது. அந்த இடைவெளியால் நீர் ஊர்ந்து மண்ணைக் கடத்தும். குழாயைக் கொங்கிறீற்றுத் தொட்டிலில் பாதி உயரத்துக்குப் பதித்து, பக்கங்களைச் சற்றுச் சாய்வாக விட்டால் மண் அதன்மேல் இறுகி உட்காரும். குழாயின் கடைசி மூன்றிலொரு பகுதியைச் சுற்றிக் கழுவிய ஆற்று மணலால் ஒரு மீற்றர்த் தடிப்பு வடிசுவர் வையுங்கள். கசிவு அதில் மண்ணை விட்டுவிட்டு நீராக மட்டும் வெளிவரும். கடற்பக்க வாயில் மடக்குக் கதவு, கரைப்பக்க வாயில் கையால் இறக்கும் துருசுக் கதவு, இரண்டும் வேண்டும். ஒன்று சிக்கினால் மற்றது. கட்டை வெட்டிக் குழாய் பதிப்பதைக் கோடையில் செய்யுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ கமநல சேவை நிலையத்திடமோ, கட்டு யாருடைய பொறுப்போ அவர்களிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள்.

காவலுக்கு இருவர் சோடியாக, 500 மீற்றருக்கு ஒரு சோடி. ஒருவர் உச்சியிலும் ஒருவர் பின்சரிவின் அடியிலும் நடக்கவேண்டும். ஆபத்து முதலில் தெரிவது அடியில்தான், ஆனால் எல்லோரும் உச்சியில் நின்று கடலைத்தான் பார்ப்பார்கள். மார்கழிக்கு முன்னரே நண்டு வளை, எலி வளை, உடும்புப் பொந்து, கறையான் புற்று எல்லாவற்றுக்கும் கதியால் நட்டு அடையாளம் வையுங்கள். முதற் கசிவு அங்கேதான்.

அடிவாரத்தில் நீர் குமிழியிட்டு மணலைக் கக்கினால் அதை அடைக்கவே கூடாது. அடைத்தால் நீர் பக்கத்தில் வேறு வாய் தேடும். அதைச் சுற்றி ஒரு மீற்றர் தள்ளி மண்மூட்டையால் கிணற்றுக்கட்டுப் போல வட்டம் எழுப்புங்கள். உள்ளே நீர் உயர உயர, எதிரழுத்தம் கூடிக் கசிவு மெதுவாகும். நீர் தெளிந்து வரத் தொடங்கியதும் உயர்த்துவதை நிறுத்தி, மேல் விளிம்பில் ஒரு வழி விடுங்கள். தெளிந்த கசிவு பொறுத்துக்கொள்ளக்கூடியது. கலங்கிய கசிவு கட்டின் உடலைக் கொண்டுபோகிறது.

மூட்டைக்கு உரப்பையைப் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்புங்கள். நிறைய நிரப்பினால் உருண்டு இடைவெளி விடும். நீளப்பக்கம் நீரோட்டத்துக்கு இணையாக, செங்கல் அடுக்குவதுபோல இணைப்பு மாற்றி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்து அடுக்குங்கள். அடி அகலம் உயரத்தின் மூன்று மடங்கு. பின்சரிவு ஊறிப் பிதுங்குகிறது என்றால் உச்சியில் மூட்டை ஏற்றாதீர்கள், பாரம் வழுக்கலை விரைவாக்கும். அடியில் சரளையோ கல்லோ பரப்பி எடை கொடுங்கள், களிமண்ணையோ பொலித்தீனையோ போட்டு மூடாதீர்கள். நீர் வெளியேற வழி வேண்டும்.

உச்சியில் நீளவாக்கில் வெடிப்பு ஓடினாலோ, கலங்கிய கசிவு வட்டத்துக்குள்ளும் தெளியாவிட்டாலோ அத்தோடு காவல் முடிந்தது. காவல் நிற்கும் பிள்ளைகளைக் கட்டின் மேலிருந்து இறக்குங்கள், கிராம அலுவலருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள், தாழ்ந்த வீடுகளை எழுப்புங்கள்.

காலையில் கடல் வடிந்ததும் கட்டுக்கு மேல் உழவு இயந்திரம் ஓடவேண்டாம். வெளியே நீர் சில மணித்தியாலத்தில் இறங்கிவிட்டாலும் மண்ணுக்குள் நீர் அப்படியே இருக்கும். தாங்கி நின்ற நீர் போனதால் கடற்பக்கச் சரிவு வழுகுவது அப்போதுதான். உள்ளே தேங்கிய வெள்ளத்தையும் கதவுகளை ஒரேயடியாகத் தூக்காமல் ஒரு நாளுக்கு 30 சென்ரிமீற்றர் என்ற அளவில் இறக்குங்கள். இரண்டு நாள் கழித்து இருபக்கச் சரிவையும் நடந்து பார்த்து, வெடிப்பு ஒவ்வொன்றின் நீளத்தையும் அகலத்தையும் திகதியோடு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த ஆனியில் பெக்கோ வரும்போது எங்கே தொடங்கவேண்டும் என்பதை அந்தக் கொப்பி சொல்லும்.